மாப்பிள்ளைக் காருக்கு ஒரு தேர்மோஸ்ரற்

கொழும்புத்துறையில் ஒரு மாப்பிள்ளை, கட்டிய தலைப்பாகையோடு, படம் பிடிக்க வந்தவனின் மோட்டார் சைக்கிளில் பின்னுக்கு ஏறிக் கோவிலுக்குப் போனாராம். அழைத்துக்கொண்டு வந்த கார் பாதி வழியில் கொதித்துப் பொனற் மூடிக்குள்ளால் புகை கக்கியதாம். மேளகாரர் வாசிப்பை விட்டுவிட்டு வேலிக்கரைக்கு ஓடினார்களாம். தேர்மோஸ்ரற் என்று ஒரு சாமான் இறுகிப் போனதுதான் காரணமாம்.

இதைக் கண்ணால் கண்டவர் கோப்பாயில் ஒருவரும் இல்லை. சட்டை தைக்கிற மக்டலீனுக்கு அவளுடைய பக்கத்து வீட்டுக்காரி சொன்னது. மக்டலீன், கலியாணப் பெண்ணுக்குச் சட்டை அளவெடுக்க வந்த இடத்தில் ஞானாம்பிகைக்குச் சொன்னாள். ஞானாம்பிகை தன் புருஷன் நடராசாவுக்குச் சொல்லும்போது புகை நெருப்பாகிவிட்டது. நடராசா அன்று பின்னேரமே சைக்கிளை எடுத்துக்கொண்டு, கோப்பாயின் மற்றக் கரையில் இருக்கும் மைத்துனர் சீவரத்தினத்தின் வீட்டுக்கு வந்து, வளவுக்குள் கூடாரச் சீலைக்குக் கீழே நின்ற பழைய ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"மச்சான், குறை நினைக்காதை. ஆரபியின்ரை கலியாணத்துக்கு ரவுணிலை ஒரு வெள்ளைக் கார் பாத்திருக்கிறன். புதுசு. ஏசி."

சீவரத்தினம் சீலையின் தொங்கலை இழுத்துக் காரின் மூக்கை மூடினார். அதைச் சம்மதம் என்று நினைக்க நடராசா ஒன்றும் நேற்று வந்த மச்சான் இல்லை. அதனால் அவரே இறங்கி வந்தார். ரவுண்காரன் கலியாணப் பலகாரம் சுடுகிற நாள் பின்னேரம் வரைக்கும் காரை மறித்து வைத்திருப்பான், முகூர்த்த நாள் என்றபடியால் அதற்குப் பிறகு கேட்டால் யாழ்ப்பாணம் முழுக்கத் தேடினாலும் ஒன்றும் கிடையாது, அதற்குள் சீவரத்தினம் யோசித்துச் சொல்லட்டும் என்று விட்டுப் போனார்.

யோசிக்க ஒன்றும் இல்லை. தங்கச்சி ஞானாம்பிகையின் மகள் ஆரபிக்குத் தாய்மாமன் என்று சீவரத்தினம் ஒருவர்தான். தாலிக்கொடி கனடாவில் இருக்கும் நடராசாவின் தமையன் செய்வது. மண்டபமும் சாப்பாடும் சுவிஸில் இருக்கிற சொந்தக்காரர் பொறுப்பு. சேலை, மணவறை, வீடியோ என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு நாட்டில் ஒருவர் இருந்தார். கூட்டுறவுச் சங்கக் கடையில் இருபத்தெட்டு வருஷம் அரிசி நிறுத்துவிட்டு ஓய்ந்த மனுஷனிடம், கொடுப்பதற்கென்று இருந்தது அந்தக் கார் மட்டும்தான். ஆரபியும் சின்ன வயதிலேயே சொல்லி வைத்திருந்தாள், மாமாவின் காரில்தான் தன் மாப்பிள்ளை வரவேண்டும் என்று. வெள்ளைக் கார் வந்தால் சீவரத்தினம் கலியாண வீட்டில் வெற்றிலைத் தட்டோடு நிற்கிற இன்னொரு ஆள். அவ்வளவுதான்.

ஆனாலும் கதை காதில் விழுந்த பிறகு மனம் கேட்கவில்லை. மாப்பிள்ளை அழைப்பு என்பது கார் ஓடுகிற வேலை இல்லை. கார் ஊருகிற வேலை. தவிலும் நாதஸ்வரமும் முன்னுக்குப் போக, சந்திக்குச் சந்தி நின்று வாசிக்க, பெண்டுகள் பிள்ளைகள் எல்லாம் நடக்கிற நடைக்குப் பின்னால் நண்பகல் வெயிலில் எஞ்சினைப் போட்டபடி ஒரு மணித்தியாலம் நகர வேண்டும். சந்தைக்கும் வங்கிக்கும் காற்று முகத்தில் அடிக்க ஓடிப்போகிற கார் அதைத் தாங்குமா என்று அவர் ஒருநாளும் பார்த்ததில்லை.

பார்த்தார். அடுத்த நாள் காலை பத்தரைக்குக் காரை வெளியே எடுத்து, பீற்றூட் மூட்டை ஏற்றிக்கொண்டு போன ஒரு லாண்ட்மாஸ்ரர் உழவு வண்டியை மேளக் கூட்டமாக நினைத்து, அதன் பின்னாலேயே ஊர்ந்தார். லாண்ட்மாஸ்ரர்காரன் இரண்டு தரம் ஒதுங்கிக் கை காட்டினான். சீவரத்தினம் முந்தவில்லை. மூன்றாம் தரம் அவன் இறங்கி வந்து, "ஐயாவுக்கு என்ன வேணும்?" என்று கேட்டான். அதற்குள் சூடு காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டது. பொனற்றுக்குள் சோற்றுப் பானை கொதிக்கிற சத்தம். ஒரு வேப்பமரத்தடியில் நிற்பாட்டி, அந்த லாண்ட்மாஸ்ரர்காரன் கொடுத்த தண்ணீரையே ஊற்றிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார். வந்தவர் செருப்பைக் கழற்றி எறிந்த விதத்திலேயே மனைவி கேதீஸ்வரிக்கு விஷயம் விளங்கிவிட்டது.

கராச்சில் விடலாம். ஆனால் கராச் இருக்கிறது நடராசா நாளும் பொழுதும் போய்வருகிற தெருவில். கார் அங்கே வாயைத் திறந்தபடி நிற்பதை அவர் ஒருதரம் கண்டால் போதும். ஆகவே வேலை வீட்டிலேயே, தகரப் படலையைச் சாத்திக்கொண்டு நடக்க வேண்டும் என்று சீவரத்தினம் முடிவெடுத்தார். கொழும்புத்துறைக் காரைப் போலவே இதிலும் தேர்மோஸ்ரற்தான் இறுகியிருக்க வேண்டும் என்று லண்டனில் இருக்கும் மகன் பிரணவனுக்கு விஷயம் போனது. அவன் அங்கே ஏதோ பழங்கார்க் கடையில் தேடிப் பிடித்து, ஊருக்கு விடுமுறைக்கு வந்த ஒருவரின் பெட்டிக்குள் பால்மா ரின்னுக்கும் சொக்லேற்றுக்கும் நடுவில் ஒரு புதுத் தேர்மோஸ்ரற்றை வைத்து அனுப்பினான். உள்ளங்கைக்குள் அடங்குகிற பித்தளைச் சாமான். எஞ்சின் சூடாகும் மட்டும் தண்ணீரை மறித்து வைத்து, சூடேறியதும் வழி திறந்துவிடுகிற ஒரு சின்னக் கதவு. இறுகிப்போனால் கதவு திறக்காது, தண்ணீர் ஓடாது, எஞ்சின் கொதிக்கும். மூன்று நட்டைக் கழற்றி, மூடியைத் தூக்கி, பழையதை எடுத்துப் புதியதை வைத்து மூடினால் முடிந்தது, அரை மணித்தியால வேலை என்று மகன் சொன்னான்.

பெட்டி வந்து சேரக் கலியாணம் கிட்ட வந்துவிட்டது. அகப்பட்டது பலகாரச் சூட்டு நாள் ஒன்றுதான். அன்றைக்கு நடராசா வீட்டில் சொந்தக்காரப் பெண்கள் எல்லாரும் கூடி முறுக்கும் பயத்தம் பணியாரமும் சுடுவார்கள். ஆம்பிளைகள் விறகும் தேத்தண்ணியும் என்று ஓடித் திரிவார்கள். ஒருவரும் இந்தப் பக்கம் வரமாட்டார்கள். கேதீஸ்வரி விடியவே அங்கே நிற்க வேண்டியவள். மச்சாள் இன்னும் வரவில்லையா என்று ஞானாம்பிகை இரண்டு தரம் போனில் கேட்டுவிட்டாள். அவள் நல்ல சேலையை மடித்துக் கதிரையில் போட்டுவிட்டு, பழைய சட்டையோடு, சுத்தியலைப் பிடித்துக்கொண்டு காருக்குப் பக்கத்தில் நின்றாள்.

முதலில் சாமானைப் பரீட்சை பார்க்க வேண்டும் என்று மகன் சொல்லியிருந்தான். கொதிதண்ணீருக்குள் போட்டால் கதவு திறக்க வேண்டும். சோற்றுப் பானையைத் தரமாட்டேன் என்றுவிட்டாள் கேதீஸ்வரி. பழைய கேத்திலைத் தந்தாள். அதன் அடியில் சுண்ணாம்பு விரற்கடைத் தடிப்புக்கு வெள்ளையாய்ப் படிந்து கிடந்தது. தண்ணீர் கொதிக்க, தேர்மோஸ்ரற் மெல்ல வாயைப் பிளந்தது. சீவரத்தினத்துக்கு அன்றைக்கு வந்த சந்தோஷம் அது ஒன்றுதான்.

முதலாவது நட் சொன்னபடி கழன்றது. இரண்டாவது கொஞ்சம் அழுதுவிட்டுக் கழன்றது. மூன்றாவது அசையவில்லை. மண்ணெண்ணெய் விட்டார். தேங்காய் எண்ணெய் விட்டார். கொதிதண்ணீர் ஊற்றினார். ஸ்பனர் வழுக்கி, நட்டின் மூலைகள் தேய்ந்து, அது மெல்ல மெல்ல உருண்டையாகிக் கொண்டு வந்தது. விரல்மூட்டு றேடியேற்றரில் அடிபட்டுத் தோல் உரிந்தது. அந்த நேரம் பார்த்து மகன் வட்ஸ்அப்பில் வந்தான். போனைப் பற்றரிக்கு மேலே சாத்தி வைத்தால் அவனுக்குத் தெரிந்தது தகப்பனின் நாடியும் மாமரமும்தான்.

எஞ்சின் ஆறிவிட்டதா, பற்றரி வயரைக் கழற்றினீர்களா, கையுறை போட்டீர்களா, கண்ணுக்குக் கண்ணாடி போட்டீர்களா என்று அவன் அடுக்கினான். அங்கே குளிரில் இருந்துகொண்டு அவன் படுகிற பதற்றம் இங்கே எஞ்சினை விடச் சூடாக இருந்தது. ஒவ்வொரு தரமும் ஸ்பனர் வழுக்கும்போது "ஐயோ அப்பா, மெதுவா" என்றான். மெதுவாய்ச் செய்தால் கழலவில்லை. உரத்துச் செய்தால் மகன் கத்தினான்.

"தம்பி, நீ ஒரு அஞ்சு நிமிஷம் வாயை மூடிக்கொண்டு இரு. இல்லையெண்டால் வந்து கழட்டு."

மகன் வாயை மூடினான். அந்த அமைதியில் சீவரத்தினம் தன் பலம் முழுவதையும் கூட்டி ஒரு இழுவை இழுத்தார். நட் திரும்பியது. திரும்பியது நட் மட்டும் இல்லை. அதைத் தாங்கி நின்ற ஆணியும் அடியோடு முறிந்து நட்டோடு சேர்ந்து கையில் வந்தது.

கேதீஸ்வரி எட்டிப் பார்த்தாள். "மூண்டிலை ஒண்டு போச்சுது. இப்ப என்னெண்டு பூட்டப் போறியள்?"

பூட்டுவதைப் பிறகு பார்க்கலாம், முதலில் மூடியைக் கழற்றுவோம் என்றார். மூடி, வருஷக் கணக்கில் உப்புப் படிந்து எஞ்சின் தலையோடு ஒட்டிப்போய் இருந்தது. அவள் சுத்தியலால் பக்கவாட்டில் தட்ட, அவர் தட்டைத் திருப்புளியால் நெம்ப, ஒருபடியாக அது கிளம்பியது. இரண்டு பேரும் குனிந்து உள்ளே பார்த்தார்கள். கேதீஸ்வரி போனைத் திருப்பிப் பிடிக்க, லண்டனிலிருந்து மகனும் பார்த்தான்.

உள்ளே ஒன்றும் இல்லை.

இறுகிய தேர்மோஸ்ரற்றும் இல்லை, உடைந்த தேர்மோஸ்ரற்றும் இல்லை. அது இருக்க வேண்டிய குழி வெறுமனே கிடந்தது. விரலை விட்டுத் தடவினார். ஒரு காலத்தில் இருந்ததற்கான அடையாளமும் இல்லை.

சீவரத்தினம் போனைப் பறித்து மகனைத் துண்டித்துவிட்டு, முருகேசுவுக்குப் போன் எடுத்தார். முருகேசு அந்தக் காரை முன்னர் பார்த்துக்கொண்டிருந்த மெக்கானிக். இப்போது கிளிநொச்சியில் மகளோடு இருக்கிறார். வேலையை விட்டாலும் வாய் விட்டுப்போகவில்லை. விஷயத்தைக் கேட்டதும் அவர் குரலில் ஒரு சந்தோஷம் வந்தது.

"ஓம் அண்ணை, நான்தான் கழட்டினனான். எங்கடை வெக்கைக்கு உது என்னத்துக்கு? உது குளிர் நாட்டுக்காரருக்கு. என்ரை கைக்கு வந்த ஒரு காரிலையும் நான் உதை விட்டு வைக்கேல்லை."

"கழட்டினதை எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, முருகேசு."

"நீங்கள் கேக்கேல்லையே அண்ணை."

அதற்கு மேல் அவரோடு என்ன கதைப்பது? கொதிப்பதற்குக் காரணம் வேறென்னவாய் இருக்கும் என்று கேட்டதற்கு, முருகேசு ஒரு கேள்விதான் கேட்டார்: றேடியேற்றருக்கு என்ன தண்ணீர் விடுகிறீர்கள்? சீவரத்தினத்துக்கு ரோசம் வந்துவிட்டது. என்ன தண்ணீர் என்றால்? தன் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர். அயலட்டையில் தேத்தண்ணி ருசிக்க வேண்டுமென்று வாளி கொண்டு வந்து அள்ளிப்போகிற தண்ணீர். கடைகளில் பச்சையாய்ப் போத்தலில் விற்கிற கூலன்ற்றை அவர் ஒருநாளும் வாங்கினதில்லை. குடிக்கிற தண்ணீரே இவ்வளவு நல்லதாய் இருக்கும்போது காருக்கு அதைவிட என்ன வேண்டும் என்பது அவர் கட்சி. வாரத்துக்கொரு தரம், பசுவுக்குக் கழனி வைக்கிற மாதிரி, காருக்கும் ஒரு செம்பு வார்ப்பார்.

முருகேசு சிரித்தார். சீவரத்தினம் போனை வைத்துவிட்டு, குழிக்குள் மறுபடி பார்த்தார். அதைச் சுற்றிலும், தண்ணீர் போகிற வழி முழுக்க, வெள்ளையாய்க் கல் படிந்திருந்தது. கேதீஸ்வரி உள்ளே போய்க் கேத்திலை எடுத்துக்கொண்டு வந்து, அதன் வாயைத் திறந்து அவருக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அவள் அதோடு விட்டிருந்தால் அவருக்குக் கொஞ்சம் மரியாதை மிஞ்சியிருக்கும். ஆனால் அவளிடம் மருந்தும் இருந்தது. கேத்திலுக்கு அவள், அச்சாறுக்கு ஊற்றுகிற வினாகிரியை விட்டுக் கொதிக்க வைத்து ஊற்றுவாள்; கல்லெல்லாம் கழன்று வரும். காருக்கும் அதைச் செய்தால் என்ன? மகனுக்குத் திரும்பப் போன் எடுத்துக் கேட்டார்கள். அவன் ஏதோ தேடிப் பார்த்துவிட்டு, செய்கிறவர்கள் இருக்கிறார்கள்தான், ஆனால் பழைய றேடியேற்றர் என்றால் கவனம் என்றான். கவனம் என்றால் என்ன செய்வது என்று அவன் சொல்லவில்லை. அவனுக்கும் தெரியாது.

சீவரத்தினம் சைக்கிளில் போய்க் கடையில் இருந்த வினாகிரிப் போத்தல் அவ்வளவையும் வாங்கினார். கலியாணத்துக்கு அச்சாறு போடுகிறீர்களோ என்று கடைக்காரி கேட்டாள். ஓம் என்றார். மூடியைத் தற்காலிகமாய் வைத்து இறுக்கி, வினாகிரியும் தண்ணீருமாய் நிரப்பி, எஞ்சினைப் போட்டுச் சூடாக்கி, ஆறவிட்டு, கீழ்க் குழாயைத் திறந்தார். வந்தது தண்ணீர் இல்லை. துருவும் சுண்ணாம்பும் கலந்த செம்மண் கூழ். திரும்ப நிரப்பித் திரும்பத் திறந்தார். வளவு முழுக்க வினாகிரி மணம். மாமரத்தில் இருந்த காகம்கூட எழும்பிப் போய்விட்டது. நாலாம் தரம் தெளிந்து வந்தது.

புதுத் தேர்மோஸ்ரற்றைக் குழிக்குள் வைத்தார். தண்ணீர் கசியாமல் மூடிக்குக் கீழே வைக்கிற பக்கிங் மட்டை இல்லை; மகன் சாமானை அனுப்பினானே தவிர அதை அனுப்பவில்லை. தடித்த மட்டை வேண்டும். வீட்டில் இருந்த மட்டைகளுக்குள் நல்ல தடிப்பு, மிஞ்சிக் கிடந்த ஆரபியின் கலியாண அழைப்பிதழ்தான். அவர் கத்தரிக்கோலை எடுக்க, கேதீஸ்வரி கையைப் பிடித்தாள்.

"பிள்ளையார் படம் போட்டதை வெட்டிக் கிரீஸ் பூசப் போறியளோ? உங்களுக்கென்ன விசரே?"

பிள்ளையார் இல்லாத பின் மட்டையைக் கிழித்து, பொன்னெழுத்தில் இருந்த மண்டபத்தின் பெயருக்கு நடுவால் வட்டம் வெட்டி வைத்தார்கள். முறிந்த ஆணியின் பக்கத்துக்கு, வேலி கட்டுகிற கம்பியை இரண்டாய் முறுக்கி இறுக்கிக் கட்டினார். அழகில்லைதான். பொனற்றை மூடினால் ஆருக்குத் தெரியப் போகிறது? இந்த முறை கிணற்றுத் தண்ணீர் வேண்டாமென்று, குடிதண்ணீர்க் கடையில் வடிகட்டி விற்கிற தண்ணீரை வாங்கி ஊற்றினார். அதை வாங்கும்போது, தன் கிணற்றை யாரோ கேவலமாய்ப் பேசியதுபோல் அவருக்கு முகம் சுண்டிப்போனது.

காரை வளவுக்குள்ளேயே முன்னுக்கும் பின்னுக்கும் ஊர விட்டார். கேதீஸ்வரி மேளகாரர் இடத்தில் முன்னுக்கு நடந்தாள். முள் மெல்ல ஏறி, நடுவில் வந்து நின்றது. கால் மணி நேரம் ஊர்ந்தும் அசையவில்லை. அவள் படலையடியில் திரும்பி நின்று, முதல் தரமாகச் சிரித்தாள். நான் போய்ச் சேலையை மாத்துறன் என்று உள்ளே போனாள்.

சீவரத்தினம் இறங்கி, கையைத் துடைத்துக்கொண்டு, காரைப் பார்த்தபடி நின்றார். முன் சக்கரங்களுக்கு நடுவில் மண் கறுத்திருந்தது. வினாகிரி ஊற்றிய ஈரம் என்றுதான் முதலில் நினைத்தார். குனிந்தார். றேடியேற்றரின் அடியில், நூல் பிடித்ததுபோல், தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு இடத்தில் இல்லை, நாலைந்து இடத்தில்.

போனில் பிடித்து அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு மகன் திரும்பப் போன் எடுத்தான்.

"அப்பா, அந்தச் சுண்ணாம்புதான் இவ்வளவு நாளும் ஓட்டையளை அடைச்சுக்கொண்டு இருந்திருக்குது."

சேலை மாற்றி வந்த கேதீஸ்வரி, மஞ்சள் தூளைக் கரைத்து ஊற்றினால் ஓட்டை அடைபடும் என்று தன் தமையன் பஸ் ஓடின காலத்தில் செய்ததாகச் சொன்னாள். செய்யலாம். நடராசாவுக்குத் தெரியவும் வராது. கலியாணத்தன்று மண்டப வாசல் வரைக்கும் தாங்கினாலும் தாங்கும். தாங்காவிட்டால், சந்தியில், தவில்காரர் திரும்பிப் பார்க்க, ஆரபியின் மாப்பிள்ளை தலைப்பாகையோடு இறங்கி நிற்பார். அந்தப் பிள்ளை கூறைச்சேலையோடு மண்டபத்துக்குள் காத்திருப்பாள். கொழும்புத்துறைக் கதை பொய்யோ மெய்யோ, கோப்பாய்க் கதை மெய்யாகிவிடும்.

சீவரத்தினம் கிணற்றடிப் படியில் இருந்தார். வெயில் பனைகளுக்குப் பின்னால் இறங்கத் தொடங்கியிருந்தது. ரவுண்காரன் பின்னேரம் வரைக்கும்தான் காரை மறித்து வைத்திருப்பான் என்று நடராசா சொன்னது ஞாபகத்தில் குத்தியது. அவர் சொன்ன அந்தப் பின்னேரம் இதுதான்.

"என்னப்பா செய்யப் போறியள்?" என்றாள் கேதீஸ்வரி. "மஞ்சள் கரைக்கிறதோ?"

"வேண்டாம்."

கிரீஸ் கையால் போனைத் திறக்க அது விரலை மதிக்கவில்லை. சாரத்தில் துடைத்துவிட்டுத் திரும்ப அழுத்தினார். மச்சான், அந்த வெள்ளைக் காரையே எடு என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வசனம். ஆனால் அதை எந்தச் சொல்லில் தொடங்குவது என்று தெரியாமல், மணி போகத் தொடங்கிய பிறகும் வாய்க்குள் உருட்டிக்கொண்டிருந்தார்.

நடராசா எடுக்கவில்லை. அங்கே எண்ணெய்ச் சட்டிகளின் இரைச்சலுக்குள்ளும் பெண்டுகளின் சிரிப்புக்குள்ளும் போன் எங்கேயோ கிடந்திருக்க வேண்டும். ஞானாம்பிகைக்கு எடுத்தார். அவளும் எடுக்கவில்லை. மாவுக் கையாய் இருப்பாள். சைக்கிளில் போய்ச் சேர இருட்டிவிடும். திரும்ப நடராசாவுக்கே அழுத்தி, ஒலிபெருக்கியில் போட்டு, படியில் வைத்தார். மணி போய்க்கொண்டிருந்தது. கேதீஸ்வரி நல்ல சேலையோடு அவருக்குப் பக்கத்தில் ஈரப் படியிலேயே இருந்து, தலையைச் சாய்த்து, அந்த மணியைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.